நேரில் போகிறவர்

"நான் நேர்ல வர்றேன்" என்று அவர் போனில் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் யாராக இருந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதட்டிச் சொல்லமாட்டார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலத்தான் சொல்வார். ஆனால் சொன்னால் வந்துவிடுவார். இரண்டு வரி மெயிலில் முடிகிற விஷயத்துக்கும் வருவார். வந்தால் உட்காரமாட்டார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே நம் முகத்தைப் பார்ப்பார். பதில் சொல்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

புனேயில் ஏரவாடா பாலத்தைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது எங்கள் நிறுவனம். வீட்டுக்கடன், நகைக்கடனெல்லாம் கிடையாது. தொழிலுக்கு மட்டும்தான் கடன். லேத் வாங்க, பிரஸ் வாங்க, லாரி வாங்க, பெரிய கம்பெனிக்காரன் பில்லுக்குப் பணம் தருகிற வரை பட்டறையை ஓட்ட. அங்கே மார்க்கெட்டிங் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். போனிலும் கம்ப்யூட்டரிலும் போகிற விளம்பரமெல்லாம் என் பொறுப்பு. பட்டறைக்காரர்களைக் கூட்டி நடத்துகிற சந்திப்புகளும் சாலையோர விளம்பரப் பலகைகளும் அவர் பொறுப்பு. மும்பையில் இருந்த ஒரே தலைவரிடம்தான் இருவரும் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரே பட்ஜெட்டிலிருந்துதான் இருவருக்கும் பங்கு. இதற்கு மேல் எங்களுக்குள் என்ன இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண்மணி. புனேயிலேயே போபோடிச் சந்து ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. பேசும்போதே பாதி வாக்கியத்தில் இந்திக்கும் மராத்திக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார். நான் திருச்சியிலிருந்து அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்தேன்.

சேர்ந்த சில வாரங்களிலேயே என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் போன்.

"இன்னா தம்பி, இது நீ எழுதினதா?"

நான் எழுதியதுதான். இரண்டே நாளில் கடன், காகிதத் தொல்லை கிடையாது என்று போசரி தொழிற்பேட்டை முழுக்க அனுப்பியிருந்த குறுஞ்செய்தி. நிறையப் பேர் அழுத்திப் பார்த்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"ஆமாம் மேடம்."

"வா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்லாம்."

எங்கே என்று சொல்லவில்லை. அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். போசரியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே லேத் ஓடுகிற சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. அதன் சொந்தக்காரர் எங்களுக்கு டீ வரவழைத்தார். மேடம் அவரிடம் என்னைக் காட்டி மராத்தியில், "அந்த மெசேஜை எழுதினவர் இவர்தான்" என்றார். அந்த மனிதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லேத்தை நிறுத்தச் சொன்னார். கொட்டகை சட்டென்று அமைதியாகிவிட்டது.

"வாசிங்க" என்றார் இந்தியில்.

வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நின்று கேட்க, நான் எழுதியதை நானே வாசித்தேன். முடித்ததும் அவர் லேத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். எங்கள் கம்பெனியில் கடன் கேட்டு, இந்தக் காகிதம் கொண்டா, அந்தக் காகிதம் கொண்டா என்று வாரக்கணக்கில் அலைந்துகொண்டிருப்பவர் அவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. டீயை நான் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன்தான். ஆனாலும் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்குப் பாடம் நடத்த அவர் அழைத்துப் போனதாக இன்றுவரை நான் நினைக்கவில்லை. ஒரு சொல்லைச் சொன்னவனையும் கேட்டவனையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்காவிட்டால் அவருக்கு நிம்மதி இருக்காது. அவ்வளவுதான். நடுவில் யார் கூனிக்குறுகிப் போகிறார்கள் என்பதையெல்லாம் அவர் யோசிப்பதே இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். காலேஜ் முடித்த கையோடு போனில் கூப்பிட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிற வேலைக்குப் போயிருக்கிறார். பிம்ப்ரியில் ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் அசிங்கமாகத் திட்டிவிட்டு போனை வைத்துவிட்டார். இவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து அந்த ஆளின் அலுவலகத்துக்கே போய், "காலையில நீங்க திட்டின பொண்ணு நான்தான். இப்ப திட்டுங்க" என்று நின்றாராம்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... உக்காரச் சொன்னான். நாலு லாரிக்கு எங்ககிட்டதான் லோன் எடுத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த ஆளை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நேரில் போவது அவரிடம் அன்பாகத் தொடங்கவில்லை. வீம்பாகத்தான் தொடங்கியது. அந்த வீம்பை வைத்தே படிப்படியாக மேலே வந்தார். தொழிற்பேட்டை வாசல்களில், காரமான பயறுக் குழம்பும் பாவும் விற்கிற சாதாரண மிசல் கடைகளில் காலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பட்டறைக்காரர்களைக் கூட்டி உட்காரவைப்பார். மேடை கிடையாது, மைக் கிடையாது. கம்பெனியின் பெயரைக்கூடக் கடைசியில்தான் சொல்வார். மும்பையில் இதை மிசல் மார்க்கெட்டிங் என்று கேலி செய்தார்கள். பிறகு கடன் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கடைகளிலிருந்து வருவதைக் கண்டு, எல்லா ஊர்க் கிளைகளிலும் அதையே செய்யச் சொன்னார்கள். மகாராஷ்டிரம் முழுவதற்குமான மார்க்கெட்டிங் தலைமை அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவிலிருந்த ஒருவர் அவரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு புகார் அனுப்பினார். யார் என்று தெரியக்கூடாது என்றுதான் அனுப்பினார். எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை நிக்டியில் அந்த மனிதரின் வீட்டு வாசலில் இவர் நின்றார். மனிதரின் மனைவி விஷயம் தெரியாமல் உபசரித்து, தட்டில் அவல் போஹா வைத்திருக்கிறார். இவர் சாப்பிட்டிருக்கிறார். குழந்தைகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறார். மனைவி சமையலறைக்குப் போனதும், "என்கிட்ட தப்பு இருக்குன்னு எழுதினீங்க இல்ல? சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் அதிக நாள் இருக்கவில்லை. நாசிக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் தகடு அடிக்கிற ஒரு பிரஸ்காரரின் வீட்டுக்கு எங்கள் கம்பெனி அனுப்பியது.

அந்த வருடம் பெரிய விளம்பரம் ஒன்று திட்டமிட்டிருந்தோம். நடிகர்கள் வேண்டாம், உண்மையான வாடிக்கையாளர்களின் முகங்களைப் பலகையில் போடலாம் என்பது அவருடைய யோசனை. தலைவருக்குப் பிடித்துவிட்டது. போசரியில் வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கிற ஒரு மராத்திக்காரரை இவர் தேர்ந்தெடுத்தார். நடுவயது, அடர்ந்த மீசை, கூச்ச சுபாவம். எங்கள் கடனில் வாங்கிய பிரஸ் மெஷின்தான் அவருடைய உயிர்நாடி. அவருடைய மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கண்பட்டுவிடும் என்றார். இவர் ஒருமுறை போனார், மறுமுறை போனார், அதன் பிறகும் போனார். "நான் இருக்கேன், தாயி" என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. இருவரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்த அம்மாள் சம்மதித்தார். பிரஸ்ஸின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் லேசாகச் சிரிக்கிற படம் போசரிக்குப் பக்கத்திலேயே நாசிக் பாட்டா சந்திப்பில், மெட்ரோ பாதைக்குப் பக்கத்தில், மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. 'இவருடைய வளர்ச்சியில் நாங்களும் இருக்கிறோம்' என்று மராத்தியில் அடியில் ஒரு வரி. அது நான் எழுதியது.

பலகை ஏறிய கொஞ்ச நாளில் அவரிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலை ஆர்டரை நிறுத்திவிட்டது. தவணை நின்றது. எங்கள் வசூல் பிரிவு வேறொரு மாடியில் இருந்தது. அவர்கள் செய்வது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் செய்வது அவர்களுக்குத் தெரியாது. நோட்டீஸ் போயிருக்கிறது. பிறகு ஒரு நாள் கிரேன் போயிருக்கிறது. பட்டப்பகலில் பிரஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவருக்கு அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.  காதில் போனை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் அவருடைய வழக்கமான வார்த்தையைச் சொன்னார். குரல் மட்டும் வழக்கம்போல இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் வர்றியா? பலகையில கீழ இருக்கிற லைன் உன்னோடதாச்சே."

போனேன். இந்தமுறை எங்கே போகிறோம் என்று தெரிந்தேதான் போனேன்.

கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை. வேலையாட்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் எழுந்து உள்ளே பார்த்து ஏதோ சொன்னான். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் வழிவிடவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே நடந்தார். நான் பின்னால் போனேன். என் தோளில் யாரோ இடித்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிரஸ் இருந்த இடத்தில் சிமெண்ட் தரையிலிருந்து நாலு தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவிதான் பேசினார்.

"மெஷினை நான் கேக்கல, தாயி. கட்டல, எடுத்துட்டுப் போனீங்க. அது உங்க சட்டம். அந்த முகத்தைக் கீழ எறக்கு."

அந்த அம்மாள் நிறுத்தவில்லை.

"தினம் யாராவது பலகைக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்து குரூப்ல போடறாங்க. பாரு, மெஷின்மேல கை வெச்சு சிரிக்கிறான்னு எழுதறாங்க. பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறா. இந்த மனுஷன் அந்த ரோட்டுப் பக்கமே போறதில்ல. நீ என் கையைப் புடிச்சுட்டுச் சொன்னியே, மறந்துட்டியா?"

"மறக்கல" என்றார் இவர். "இன்னைக்கு எறங்கிடும்."

அந்த மனிதர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். நம்பாத பார்வை. 

இவர் வெளியே வந்து தலைவரைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். பலகைக்கு மாசக் கடைசிவரை வாடகை கொடுத்தாகிவிட்டது. இப்போது அவசரமாக எடுத்தால் நாமே தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். பத்திரிகைக்காரன் எவனாவது மோப்பம் பிடிப்பான். அப்படியே விட்டால் எல்லாரும் தானாக மறந்துவிடுவார்கள்.

"சார், நான் மும்பைக்கு நேர்ல வந்து பேசறேன்."

"வரவேண்டாம்" என்றார் தலைவர். "எடுக்கவும் வேண்டாம்."

யாரும் அவரிடம் வரவேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். எங்கே போகிறார் என்பதை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இவர் வழியிலேயே போன் செய்ததில் பலகைக் காண்டிராக்டர் நாசிக் பாட்டாவுக்கே ஆட்களோடு வந்துவிட்டார். ஆனால் எழுத்தில் உத்தரவு இல்லாமல் தொடமாட்டேன் என்றார். இவர் அங்கேயே சாலையோரத்தில் நின்று தன் பெயரில் மெயில் அனுப்பினார். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. மழைக்கு முன்னால் வருகிற முரட்டுக் காற்று. பிளெக்ஸ் உப்பி உப்பிச் சட்டத்தில் அடித்துக்கொண்டது. அந்த மனிதரின் கன்னம் மேலே வீங்கி, ஒடுங்கி, மறுபடி வீங்கியது.

"இந்தக் காத்துல ஆளை ஏத்த முடியாது தாயி" என்றார் காண்டிராக்டர்.

"ஏத்தாதீங்க. நிக்கட்டும்."

நின்றோம். காண்டிராக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று மும்பைக்குச் சொல்லிவிட்டார்போல. என் போன் அடித்தது. தலைவர். நான் எடுக்காமல் விட, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அங்கே யார் உத்தரவு கொடுத்தது? நீயும் அங்கேதான் இருக்கிறாயா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் என் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டார்.

"நான்தான் சார் குடுத்தேன். இவருக்கு இதுல சம்பந்தமில்ல. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது. அவர் கேட்டுக்கொண்டே மேலே பலகையைப் பார்த்தார். "சரி சார்" என்று ஒருமுறை சொன்னார். "தெரியும் சார்" என்று ஒருமுறை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். போபோடியில் அவர் கடன் போட்டு வாங்கிய சின்ன வீட்டையும், அவருடைய சம்பளத்தை நம்பியிருந்த அம்மாவையும் நினைத்துக்கொண்டேன்.

"அக்கா..." என்றேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டேன்.

"காத்து எறங்குது பார்" என்றார் அவர்.

இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். அவர்கள் மேலே இருந்த நேரமெல்லாம் அவர் மூச்சு விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். முதலில் நெற்றி மடிந்தது. பிறகு கண்கள். பிறகு அந்தக் கூச்சமான சிரிப்பு. மொத்தமும் சரிந்து சத்தத்தோடு தரைக்கு வந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பைக் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிரஸ்காரர் வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

இறக்கிய பிளெக்ஸைக் காண்டிராக்டர் சுருட்டப் போனார். பழைய பிளெக்ஸ் அவர்களுக்குத்தான் சொந்தம். மழைக்காலத்தில் ஏரவாடாப் பக்கம் கூரைக்குப் போட விற்றுவிடுவார்கள். இவர் அதன்மேல் காலை வைத்து நிறுத்தினார். "இது யாருக்கும் போகாது. என்ன வேணுமோ நான் குடுக்கறேன்." அவர்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் சாலையைக் கடந்து வந்தார். குனிந்தார். தன் முகத்தைத் தானே மடிக்கத் தொடங்கினார். பெரிய பிளெக்ஸ், ஒரு ஆளால் முடியாது. இவர் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. மூட்டையை ஒரு டெம்போவில் ஏற்றிவிட்டு அந்த மனிதர் பைக்கில் அதன் பின்னாலேயே போனார்.  மழை ஆரம்பித்தது.

அவரை விசாரணைக்கு மும்பைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்த மன்னிப்பில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். போடவில்லை. ராஜினாமாவைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு அன்றே திரும்பிவிட்டார். மகாராஷ்டிரத் தலைமை, கொஞ்ச காலம் கழித்து, எனக்கு வந்தது.

எங்கள் தொழில் வெளியிலிருந்து பார்க்கத்தான் பெரியது. உள்ளே எல்லாரும் எல்லாருக்கும் போன் செய்கிறவர்கள். "அவங்களா? நல்லா வேலை செய்வாங்க, ஆனா..." என்ற அந்த 'ஆனா' எல்லா கம்பெனி வாசலிலும் அவருக்கு முன்னால் போய் நின்றது. பழக்கம்போல நேரில்தான் போனார். பயோடேட்டாவை மெயிலில் அனுப்பச் சொல்லி வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பினார்கள். வெகுநாள் கழித்து சிஞ்ச்வாடில் ஒரு சின்னக் கடன் கம்பெனியில், அவர் எப்போதோ தாண்டி வந்த பதவியில், மறுபடி சேர்ந்தார். கம்பெனி கொடுத்த போன் எண்ணும் போய்விட்டதால் பலருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. நான் எப்போதாவது பேசுவேன். பிரஸ்காரரைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் பேச்சை எடுத்ததில்லை. அந்த வாசலுக்கு மட்டும் அவர் அதற்குப் பிறகு போகவில்லை.

போன தசராவுக்கு முதல்நாள் பிரஸ்காரரின் மனைவி எனக்குப் போன் செய்தார். யாரிடமோ ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கியிருக்கிறார்களாம். கடன் இல்லாமல். மறுநாள் பூஜை. "அவளைக் கூட்டிட்டு வா" என்றார். "போட்டோ கீட்டோ எடுக்கக்கூடாது" என்றும் சொன்னார்.

நான் போய்ச் சொன்னபோது இவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. காலையில் போசரிக்கு நான் போனபோது கொட்டகைக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். தலையில் நரை கூடியிருந்தது. உள்ளே சாமந்தி மாலை போட்டு மெஷின் தெரிந்தது. ஆரத்திப் பாட்டு கேட்டது.

"போலாம் அக்கா."

அவர் நகரவில்லை. எத்தனையோ பேருடைய வாசலில் கேட்காமல் போய் நின்றவர். அன்று ரோட்டைக் கடக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"உள்ள வரச் சொன்னாங்களா, இல்ல சும்மா சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அந்த மனிதர் வெளியே வந்துவிட்டார். புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம். எங்களைப் பார்த்தார். அவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நடுவில் ஒரு டெம்போ போனது, ஒரு ரிக்‌ஷா போனது. பிறகு அவர் ரோட்டைக் கடந்து எங்களிடம் வந்தார்.

"யா, தாயி" என்றார். வாங்க அக்கா.

இவர் தலையை மட்டும் ஆட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அந்த அம்மாள் மஞ்சள் குங்குமத் தட்டோடு காத்திருந்தார். இவருடைய நெற்றியில் இட்டுவிட்டு, தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கோபமாகத்தான் கேட்டார்.

"கித்தி வாள்லீஸ் க! வீட்ல சோறு தின்றியா இல்லியா?"

எவ்வளவு இளைத்துவிட்டாய் என்று அர்த்தம். இவர் அழுதுவிட்டார்.